கவசமும் வாய்க்கட்டும்

எங்கள் ஊர்ப் பெருந்தெருவிலுள்ள கடையொன்றின் கண்ணாடிக் கதவில் இரண்டு அறிவித்தல்கள் இன்றும் ஒட்டியபடி இருக்கின்றன. மேலே உள்ளது பழையது: "தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்." கீழே உள்ளது பின்னர் வந்தது: "முகக்கவசம் அணிந்து உள்ளே வரவும்." இரண்டும் வெயிலில் வெளிறிவிட்டன. ஒரு கவசத்தைக் கழற்று என்றும் மற்றொரு கவசத்தைப் பூணு என்றும் ஒரே கதவு ஆணையிடுகின்றது. இலக்கணம் கற்பிக்கும் தொழிலுடைய எனக்கு அக்கதவைக் காணுந்தோறும் நகைப்பு எழுவதுண்டு. அந்நகைப்பின் அடியில் ஒரு நாணமும் உண்டு. அந்நாணத்தின் காரணத்தை அவையறியச் சொல்லவேண்டும் என்பதற்காகவே இதனை எழுதத் துணிந்தேன்.

முகக்கவசம் கட்டாயம் என்னும் விதி 2022ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நீங்கிவிட்டது. நீங்கியதன் பின் அதனைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் வினவலாம். விதி நடைமுறையில் இருந்த காலத்தில் நாம் அச்சத்தோடும் சினத்தோடும் பேசினோம். அச்சமும் சினமும் தணிந்த பின்னரே ஆராய்ச்சி தொடங்கும். வெள்ளம் வடிந்த பின்னர்தான் வாய்க்கால் எங்கே உடைந்தது என்பது தெரியும். அடுத்த வெள்ளம் வருமுன் அதனை அடைப்பதும் அப்பொழுதே இயலும்.

குருக்கள்மடத்தை அறியாதவர்க்கு ஒரு சொல். கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவே மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் நெடுஞ்சாலை. அச்சாலையின் இருமருங்குமே எங்கள் கடைத்தெரு. வாவியின் அக்கரையாகிய படுவான்கரையில் வாழும் உழவர்கள் அம்பிளாந்துறையிலிருந்து 'பாதை' என்று நாங்கள் வழங்கும் மிதவையில் ஏறி இக்கரைக்கு வருவர். ஆதலின் எங்கள் ஊர்க் கடைவாயில் இரு கரையாரும் கூடும் இடம். ஆசிரியரும் அங்கே நிற்பர். வயற்கூலியும் அங்கே நிற்பர். ஓர் ஊரின் ஒழுக்கத்தை அறியவேண்டின் அதன் பள்ளிக்கூடத்தை நோக்குவதினும் கடைவாயிலை நோக்குதல் நன்று என்பது என் துணிபு.

2020 மார்ச்சு 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. முகக்கவசம் அணியுமாறு பலவாறு அறிவுறுத்தப்பட்டபோதும், சட்டத்தின் முழு வலிமையோடு அது வந்தது அவ்வாண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் வெளியான அதிவிசேட வர்த்தமானியிலேயே. கடை உட்பட எந்தப் பணியிடத்துள்ளும் முகக்கவசமின்றி எவரும் புகுதலாகாது. புகுவோரின் உடல்வெப்பத்தை அளத்தல் வேண்டும். கை கழுவ வசதி செய்தல் வேண்டும். பெயரைப் பதிவுசெய்தல் வேண்டும் என்று அது விதித்தது. மீறுவோர்க்கு 10,000 ரூபாய் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு எனக் கூறப்பட்டது. இவ்விதிக்கு வேராக நின்றது 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதற்கு முந்திய ஆண்டிலேதான் பம்பாயிற் பிளேக்கு நோய் பரவிற்று. நூற்றிருபது ஆண்டுகட்கு மேற்பட்ட ஒரு சட்டம் எங்கள் ஊர்ச் சீனிக்கடை வாயிலில் வந்து நின்றது.

நின்றது சட்டம், அதனை நிறுத்தியவர் யார்? கடைக்காரர். கடைக்காரர் தாமே நின்றாரோ எனின், பெரும்பாலும் இல்லை. கல்லாவில் இருக்கும் முதலாளி எழுந்து வாயிலுக்கு வருதல் அரிது. கடையிற் பணிபுரியும் இளம் பெண் ஒருத்தியின் கையில் வெப்பமானியையும் பதிவுக் கொப்பியையும் கொடுத்து வாயிலில் நிறுத்திவிட்டார்கள். அரசின் ஆணை, சுகாதாரப் பரிசோதகரின் எச்சரிக்கை, முதலாளியின் இலாப நட்டம், வாடிக்கையாளரின் சினம் ஆகிய நான்கையும் தாங்கும் தூணாக அப்பிள்ளை நின்றாள்.

வாடிக்கையாளர் நடந்துகொண்ட வகைகளை நினைந்தால் ஒரு கூத்தே எழுதலாம். கவசத்தைத் தாடையில் அணிந்து வாயையும் மூக்கையும் திறந்துவிட்டவர் ஒரு சாரார். மூக்கை மட்டும் வெளியே விட்டு வாயை மூடியவர் இன்னொரு சாரார். வாசலில் அணிந்து, உள்ளே சென்றதும் கழற்றிச் சட்டைப்பையில் இட்டவர் உண்டு. உள்ளே சென்றவர் வெளியே வந்ததும் அவர் முகத்திலிருந்த கவசத்தையே வாங்கித் தாம் அணிந்து உட்புகுந்தவரையும் கண்டேன். வாய்மூடி இருக்கும்வரை கவசத்தை ஒழுங்காக அணிந்திருந்து, பேச வேண்டியபோது மட்டும் அதனைக் கீழே இழுத்துவிட்டுப் பேசியவரே எல்லாரிலும் மிகுதி. எச்சில் தெறிப்பது பேசும்பொழுதன்றோ? குடையை மடித்து வைத்திருந்து, மழை தொடங்கும்போது அதனைத் தூர எறிபவனை ஒத்தது அச்செயல். ஆயினும் அவர்களை நகைக்க எனக்கு உரிமை இல்லை.

2020ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் மாலை சீனியும் தேயிலையும் வாங்க அக்கடைக்குச் சென்றேன். கவசம் என் சட்டைப்பையில் இருந்தது, முகத்தில் இல்லை. வாயிலில் நின்ற பிள்ளை என்னிடம் தமிழ் பயின்றவள். அவள் தாழ்ந்த குரலில், "கோவிக்காதீங்க ஐயா, கவசத்தைப் போட்டுட்டு வாங்க" என்றாள். அதிலே மரியாதைக் குறைவு அணுவளவும் இல்லை. எனினும் என் பின்னே நால்வர் நின்றனர். அவர்கள் முன்னிலையில் என் மாணவி எனக்கு விதி கூறுவதா என்னும் எண்ணம் எழுந்தது. "எனக்கா சொல்லித் தருகிறாய்?" என்றேன். அவள் தலை குனிந்தாள். உள்ளிருந்த முதலாளி எட்டிப் பார்த்து, "பண்டிதர் ஐயா தானே, விடு பிள்ளை. வாங்க ஐயா" என்றார். நான் வென்றவனைப் போல உள்ளே நுழைந்தேன்.

என் பின்னால் நின்றவர் படுவான்கரையிலிருந்து வந்த ஒரு வயற்கூலி. அவரிடம் கவசம் இல்லை. ஆனால் தோளிற் கிடந்த துவாயை எடுத்து மூக்கும் வாயும் மறையுமாறு இறுக்கிக் கட்டியிருந்தார். என் திறந்த வாயினும் அவருடைய மூடிய வாய் எத்துணையோ ஒழுங்கானது. அதே முதலாளி அவரை நோக்கி, "துவாய் சரிவராது, கவசம் வாங்கிப் போடு, இல்லாவிட்டால் வெளியே நில்" என்றார். அவர் வெளியே நின்றே அரிசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பாதைக்கு நேரமாயிற்று என்று துறையை நோக்கி நடந்தார். நான் உள்ளே நின்று இவை யாவற்றையும் கண்டேன். ஒரு சொல்லும் சொன்னேன் அல்லேன்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம் நோய் முன்னையினும் கடுமையாகப் பரவி, 20ஆம் நாள் மீண்டும் நாடு மூடப்பட்டது. அக்காலத்தில் அந்தக் கடையும் சில வாரம் மூடிக்கிடந்தது. அப்பிள்ளையின் வீட்டில் மூவர் நோயுற்றனர். இருவர் தேறினர், அவளுடைய அம்மம்மா தேறவில்லை. யாருடைய மூச்சிலிருந்து அந்நோய் அவ்வீட்டுக்குச் சென்றது என்பதை எவரும் சொல்லல் இயலாது. கடையிலிருந்துதான் சென்றது என்பதற்கும் சான்றில்லை. ஆனால் நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் வாயிலில் நின்று, வருவார் போவார் எல்லாருடைய மூச்சையும் எதிர்கொண்டவள் அவள். "எனக்கா சொல்லித் தருகிறாய்?" என்று கேட்ட வாய் என்னுடையது. அவ்வினா அன்றிலிருந்து என்னைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கின்றது.

தமிழ் கற்றவன் தன் பிழைக்கும் சொல்லிலேயே காரணம் தேடுவான். நானும் தேடினேன். 'முகக்கவசம்' என்னும் பெயரிலேயே ஒரு சிக்கல் உளது எனக் கண்டேன். கவசமாவது யாது? போர்க்களத்தில் வீரன் தன் மெய்யைக் காக்க அணிவது. கன்னனோடு உடன்பிறந்த கவசம் கன்னனைக் காத்ததேயன்றி அவன் எதிரியைக் காக்கவில்லை. நம் சமய நூல்களுள் 'கவசம்' எனப் பெயர்பெற்றவையும், என் ஒவ்வோர் உறுப்பையும் காத்தருள்க என்று பாடுவான் தன்பொருட்டு வேண்டுவனவே. ஆகவே கவசம் என்ற சொல்லைக் கேட்டதும் "இஃது என் காப்பு" என்றே மனம் கொள்கின்றது. என் காப்பு எனின், அதனை வேண்டாம் என்று தள்ளும் உரிமையும் எனக்கு உண்டன்றோ? "என் உயிர், எனக்கு அச்சமில்லை" என்று மார்தட்டி உட்புகுந்தவர் பலர். அவர்கள் தீயவர் அல்லர். சொல் காட்டிய வழியே சென்றவர்கள்.

வேறு சொல் கிடைத்திலதோ எனின், 'முகமூடி' இருந்தது. அச்சொல்லை ஆள்வோர் தயங்கியதற்குக் காரணம் உண்டு. முகமூடி என்றதும் திருடன் நினைவுக்கு வருவான். எங்கள் வடகிழக்கு மக்களுக்கோ அதனினும் கொடிய ஒரு நினைவு உளது. போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் முகத்தை மூடிய ஒருவனை முன்னே நிறுத்தி, இளைஞரை வரிசையாக அவன்முன் நடத்துவர். அவன் தலையாட்டினால் அந்த இளைஞனின் கதி வேறு. 'தலையாட்டி' என்னும் சொல் கேட்டால் இன்றும் நடுங்கும் தாய்மார் உளர். பின்னர், 2019 ஏப்ரில் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உள்ளிட்ட இடங்களிற் குண்டுகள் வெடித்தன. அவ்வாரமே அல்லாமல் அடுத்த வாரமும் நாடு நடுங்கியிருக்க, 29ஆம் நாள் முகத்தை மறைக்கும் ஆடைகள் அவசரகால விதியால் தடைசெய்யப்பட்டன. முகத்தை மூடும் வழக்கமுடைய முஸ்லிம் பெண்கள் கடைவாயிலில் ஐயத்தோடு நோக்கப்பட்டனர். ஓராண்டு செல்வதற்குள் அதே கடைவாயில், முகத்தை மூடாது வருவோரை ஐயத்தோடு நோக்கிற்று. முகத்தை மூடியவன் பகைவன் என்று பல்லாண்டாகப் பழகிய மனத்தை, மூடாதவனே ஆபத்தானவன் என்று ஒரே நாளில் மாற்றிக்கொள் எனின் அஃது எளிதோ? இதனை எண்ணாமல் மக்களை அறியாமையுடையோர் என்று பழித்தவர்கள், எங்கள் வரலாற்றை அறியாதவர்கள்.

இனி, பொருள் யாது என்று நோக்குவோம். நம் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்த அதே 1897ஆம் ஆண்டில், பிரெசுலோ நகரத்து அறுவை மருத்துவர் மிக்குலிக்சு என்பார், மெல்லிய துணியால் தம் வாயை மூடிக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார். பேசும்போது தெறிக்கும் நுண்துளிகளிற் கிருமிகள் உள என்று அவர் காலத்து அறிஞர் புளூகே காட்டியிருந்தார். மிக்குலிக்சு துணி கட்டியது நோயாளியின் புண்ணில் தம் எச்சில் விழலாகாது என்பதற்காக. இன்றளவும் அறுவைக் கூடத்தில் மருத்துவர் முகத்தில் நாம் காணும் துணி முதன்மையாக நோயாளியின் பொருட்டே அமைந்தது. அணிபவர்க்கும் அதனால் ஓரளவு காப்பு உண்டு. நெருக்கமாகப் பொருந்தும் உயர்வகைக் கவசங்கள் அணிபவரையும் நன்கு காக்கும். ஆயினும் கடைத்தெருவில் நாம் அணிந்த எளிய கவசத்தின் தலையாய பயன், என் மூச்சிலிருந்து உன்னைக் காத்தலே. நோய் தன்னிடம் உள்ளது என்பதை அறியாதவனும் அதனைப் பரப்பக்கூடும் என்பதால், நலமுடையோனும் அதனை அணிய வேண்டியதாயிற்று.

இவ்வுண்மையை அயல்நாட்டு மருத்துவர் கூறித்தான் நாம் அறியவேண்டுமோ? எங்கள் வாவிக்கரை மக்களுக்கு அது புதிதன்று. குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்தால் மண்டூர். சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் அத்தலத்திலே கப்புகனார் வெண்துணியால் தம் வாயைக் கட்டிக்கொண்டே பூசை செய்வார். வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் வாய்கட்டிப் பூசை செய்தலே மரபு. ஒருகால் வினவிப் பாருங்கள்: முருகனிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவோ கப்புகனார் வாய் கட்டுகின்றார்? தம் மூச்சும் எச்சிலும் தாம் போற்றும் பொருளின்மேற் படலாகாது என்னும் பணிவன்றோ அது? வடநாட்டுச் சமண முனிவருள் ஒரு சாரார் வாயில் வெண்துணி அணிவதும், காற்றில் உலவும் சிற்றுயிர்க்கும் தம் மூச்சால் தீங்கு நேரலாகாது என்னும் அருளினாலேயே.

கடைவாயிலில் நாம் அணிந்ததற்கு 'வாய்க்கட்டு' என்றே பெயரிட்டிருப்பின், மண்டூர்த் திருவிழாவுக்குத் தோணியேறிச் செல்லும் எங்கள் மக்களுக்கு அதன் பொருள் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். "முருகன் முன் கப்புகனார் செய்வதை நீ உன் அயலான் முன் செய்" என்றால் போதும். வர்த்தமானி உரைக்கமாட்டாத ஒன்றை அவ்வொரு சொல் உரைத்திருக்கும்.

இவ்விடத்தில் என்னுடைய கட்சிக்கே ஒரு தடை எழுகின்றது. அதனை மறைத்தல் அறமாகாது. நம் சமுதாயத்தில் வாயை மூடுதலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. நிலவுடைமையாளர் முன்னும் உயர்ந்த குலத்தார் எனப்பட்டோர் முன்னும், தாழ்த்தப்பட்ட மக்கள் வாய்பொத்தி, தோளிற் கிடந்த துணியை இடுப்பிற் கட்டி நிற்கவேண்டியிருந்தது. அது பணிவன்று, பணியவைத்தல். ஒருவன் தானே மனமுவந்து வாயைக் கட்டினால் அஃது அன்பு. வலியவன் தன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எளியவனை மட்டும் கட்டு என்றால் அது கொடுமை. இவ்வேறுபாட்டை உள்ளத்திற் கொண்டு நான் சொன்ன கடைவாயிலை மறுபடியும் நோக்குங்கள். பத்து மணிநேரம் வாய்மூடி நின்றவள் கூலி பெறும் பிள்ளை. துவாயால் வாய் கட்டியும் வெளியே நிறுத்தப்பட்டவர் வயற்கூலி. வாய் திறந்து உள்ளே சென்றவன் பண்டிதன். விதி புதிது, வாயிலில் நடந்தது பழையது. மண்டூரிலோ கோயிலில் முதலுரிமை பெற்றவரே முதலில் வாய் கட்டுகின்றார். இவ்விரண்டனுள் எதனை நாம் பின்பற்றினோம் என்பதே என் வினா.

கற்றோர் செருக்கு இவ்வகையில் இடறுதல் என்னோடு தொடங்கியதன்று. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரற் பிளேக்கு தோன்றி ஏறத்தாழ 60,000 மக்களைக் கொன்றது. அதனை அடக்க அனுப்பப்பட்டவர் மலாயாவின் பினாங்கிற் பிறந்த வூ லியன்-தே என்னும் இளம் மருத்துவர். நோய் மூச்சின் வழியே பரவுகின்றது; துணிக்கவசம் அணிக என்று அவர் வற்புறுத்தினார். மெனி என்னும் பிரஞ்சு மருத்துவப் பேராசிரியர், வயதிலும் பதவியிலும் தம்மிற் குறைந்தவராக அவரைக் கருதி அக்கூற்றை ஏற்றாரில்லை. ஹார்பின் நகர மருத்துவமனையிற் கவசமின்றி நோயாளரைப் பார்வையிட்டார். சில நாட்களில் அந்நோயாலேயே மாண்டார். சொன்னவன் யார் என்று பார்த்தவர் சொல்லப்பட்டது யாது என்று பார்க்கவில்லை.

வாயிலில் நிற்பவரின் நிலை பிறநாடுகளில் இன்னும் இரங்கத்தக்கதாயிற்று. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பிளிண்டு நகரில் 2020 மே மாதம், கவசம் அணியுமாறு கூறியதனால் எழுந்த பூசலிற் கடைக் காவலர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். ஜேர்மனியில் இடார்-ஓபர்ஸ்டைன் என்னும் ஊரில் 2021 செப்டெம்பரில், எரிபொருள் நிலையக் கடையிற் பகுதிநேரம் பணிசெய்த 20 வயது மாணவர் அதே காரணத்துக்காகக் கொல்லப்பட்டார். எங்கள் ஊரிற் சினம் சொல்லளவில் நின்றது. ஆயினும் அம்மாணவரின் வயதுதான் எங்கள் கடைப் பிள்ளைக்கும். அரசின் ஆணையை நிறைவேற்றும் பொறுப்பை, அதனை நிறைவேற்றும் அதிகாரம் சிறிதும் இல்லாத இளையோர் தலையில் ஏற்றியது எங்கும் நிகழ்ந்த பிழை.

வாடிக்கையாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். உலக சுகாதார நிறுவனமே முதலில் நலமுடைய பொதுமக்கள் கவசம் அணியவேண்டும் என்று கூறவில்லை; 2020 ஜூன் 5ஆம் நாளிலேதான் தன் அறிவுரையை மாற்றிற்று. அறிவு வளர வளரக் கூற்று மாறுதல் அறிவியலின் இயல்பு. ஆனால் அம்மாற்றத்தைப் பொறுமையாக விளக்குவார் இல்லாதபோது மக்கள் ஐயுற்றது வியப்பன்று. நாட்கூலி இழந்த வீட்டில் ஐவர்க்கு ஐந்து கவசம் வாங்குதலும் எளிதன்று. செவிப்புலன் குறைந்தோர் உதட்டசைவைக் கண்டே பேச்சை உணர்வர். எல்லா வாயும் மூடியபோது அவர்க்கு உலகமே ஊமையாயிற்று. மூச்சிழுப்பு நோயுடையோர் பட்ட துன்பமும் உண்டு.

ஆசிரியனாகிய நானும் ஒரு துன்பம் பட்டேன். தொல்காப்பியப் பிறப்பியலைக் கவசத்தோடு கற்பித்தேன். இதழ் இரண்டும் இயையப் பிறக்கும் பகரத்தையும் மகரத்தையும், இதழ் தெரியாத முகத்தோடு எவ்வாறு விளக்குவது? மாணவர் முகத்தில் தெளிவு பிறந்ததோ குழப்பம் பிறந்ததோ என்பதும் தெரியவில்லை. திருக்குறளிற் 'குறிப்பறிதல்' என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்கள் உள. ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். முகம்நோக்கி மனம் அறிதல் அரசியலுக்கும் வேண்டும், அன்புக்கும் வேண்டும் என்று கருதிய இனம் நம்மினம். அம்முகத்தை மூடுதல் இழப்புத்தான். அதனை இழப்பென்று ஒப்புக்கொண்டு, பிறர் உயிரின்பொருட்டு அதனைப் பொறுத்துக்கொள் என்று கேட்டிருந்தால் நம் மக்கள் பொறுத்திருப்பர். "தண்டம் 10,000 ரூபாய்" என்று மட்டும் கேட்டபோதுதான் தாடையில் அணிந்து தப்பிக்கொண்டனர்.

நயமாகக் கேட்டால் மக்கள் இசைவர் என்பது என் விருப்பம் மட்டும் அன்று. 2020ஆம் ஆண்டின் இறுதியிலும் 2021இலும் வங்காளதேசத்தின் 600 கிராமங்களில், மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒரு பகுதிக் கிராமங்களிற் கவசத்தை வீடுதோறும் இலவசமாகக் கொடுத்தனர். ஏன் அணியவேண்டும் என விளக்கினர். இமாம்களும் ஊர்ப்பெரியோரும் தாமே அணிந்து காட்டினர். சந்தையிலும் பள்ளிவாசலிலும் அணியாதவரைக் கண்டால், அருகிற் சென்று இன்சொல்லால் நினைவூட்டினர். மற்றக் கிராமங்களில் நூற்றுக்குப் பதின்மூவர் அளவில் அணிந்திருக்க, இக்கிராமங்களில் நூற்றுக்கு நாற்பத்திருவர் அணிந்தனர். அறுவைக் கவசம் வழங்கப்பட்ட ஊர்களில் நோய்க்குறியோடு தொற்றுற்றோர் தொகையும் குறைந்தது. கைபேசிச் செய்திகளும் ஊருக்குப் பரிசுத்தொகையும் கூடுதற் பயன் தரவில்லை என்றும் அவ்வாய்வு கண்டது. நேரில் வந்து நிற்கும் ஒரு மனிதனின் நயமான சொல்லுக்கு இருக்கும் வலிமை வேறு எதற்கும் இல்லை. அந்த நயமான சொல்லை எங்கள் கடைப் பிள்ளை சொல்லத்தான் செய்தாள். அணிந்து காட்டவேண்டிய ஊர்ப்பெரியோன் தான் தன் கடமையிற் தவறினான்.

இத்தகைய காலம் மறுபடியும் வாராது என்று எவரும் உறுதி கூறார். வருமாயின் நாம் செய்யத்தக்கன சில. முதலாளி எனப்படுவோர் வாயிலில் தாமே நிற்கட்டும். பணியாளை முன்னே தள்ளிவிட்டுப் பின்னே நின்று விதியைத் தளர்த்தல் அழகன்று. கவசம் இல்லாது வரும் ஏழைக்கு ஒன்று கொடுக்கட்டும்; நூறு ரூபாய்ச் சரக்கு வாங்க வந்தவரை வெளியே நிறுத்துவதினும் அது சிறிய செலவு. பண்டிதர், முகாமையாளர், உத்தியோகத்தர் என்று எவர்க்கும் விலக்கு வேண்டாம்; விலக்கு நோயுடையோர்க்கும் செவிப்புலன் குறைந்தோர்க்கும் மட்டும் இருக்கட்டும். கவசத்தை இறக்கிவிட்டுப் பேசாமல், பேசுதற்பொருட்டே அணிந்துகொள்வோம்.

அவ்வாறான காலம் வராவிட்டாலும் ஒன்று செய்யலாம். மாரி காலத்தில் எங்கள் வாவிக்கரையில் தடிமனும் இருமலும் இல்லாத வீடு அரிது. இருமலோடு கடைக்குச் செல்லும் ஒருவர், சட்டம் கேளாதபோதும் வாய்க்கட்டு அணிந்து செல்லலாம். சென்ற மாரியில் எனக்கு இருமல் கண்டபோது அவ்வாறே சென்றேன். அப்பிள்ளை இப்பொழுது கல்லாவில் இருக்கின்றாள். என்னைக் கண்டதும், "இப்ப இது தேவையில்லையே ஐயா" என்றாள். "இருமல் இருக்குது பிள்ளை" என்றேன். பின்னர், அன்று நான் சொன்ன சொல்லுக்காக அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். அவள் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அந்த மனிசன் அதுக்குப் பிறகு நம்மட கடைக்கு வரல்ல ஐயா" என்று மட்டும் சொன்னாள். துவாய் கட்டி வந்தவரைத்தான் சொன்னாள். நான் என்னுடைய பிழையை மட்டுமே நினைத்திருந்தேன். அவள் அவரை நினைத்திருந்தாள்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே, அவரிடம் வருத்தம் தெரிவிக்க எனக்கு வழியில்லை. அவர் பெயரும் அறியேன். ஆதலின் உங்களிடம் சொல்கின்றேன். நம்மினும் எளியவர் ஒருவர் நமக்கு ஒரு நல்ல விதியை நினைவூட்டும்போது, அவர் வாயைப் பாராது சொல்லைப் பார்ப்போமாக. பிறரை வாய்மூடச் சொல்லும் இடத்தில் நம் வாயை முதலில் மூடுவோமாக.